காய் விட்ட பிள்ளைகளும் படப்புத்தகங்களும்: தொடங்குபவர்களுக்கு ஓர் அறிமுகம்

தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊர் அங்கன்வாடிக்கோ தொடக்கப்பள்ளிக்கோ போய்ப் பாருங்கள், யாராவது இரண்டு பேர் காய் விட்டிருப்பார்கள். நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இன்று ஒருத்தி ஜன்னல் பக்கம், இன்னொருத்தி கதவுப் பக்கம். நடுவில் மூன்றாவதாக ஒரு பிள்ளை தூது போய்க்கொண்டிருக்கும். "சரி சரி, பழம் விட்டுக்கோங்க" என்று இருவர் கையையும் சேர்த்துவைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். விரல்கள் சேர்ந்துவிடும். மனசுக்குள் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டோம். கேட்டாலும் சொல்ல அதற்கு வார்த்தை கிடைத்திருக்காது.

அந்த இடத்தில் கைகொடுப்பவை படப்புத்தகங்கள். மூன்று வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளோடு நாளைக் கழிக்கிற யாருக்கும் அவை உதவும். பெற்றோர், அங்கன்வாடி டீச்சர், இல்லம் தேடிக் கல்வி மையத்து அக்கா, மகள் வேலைக்குப் போனபின் பேரனைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா, எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்பு, கோபம், பயம் இவற்றைப் பற்றிய நல்ல படப்புத்தகம் எதுவும் பிள்ளைக்குப் புத்தி சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதில்தான் அதன் பலன் இருக்கிறது. வாசித்துக் காட்டுகிற நாம் அந்த இடைவெளியை அடைத்துவிடாமல் இருந்தால் போதும்.

படத்தை மறைத்தால் கதை ஓட்டையாகும்

படம் போட்ட புத்தகம் எல்லாம் படப்புத்தகம் ஆகிவிடாது. பாட்டி வடை சுட்ட கதையை எழுதி ஓரத்தில் ஒரு காக்காய் வரைந்தால் அது படம் சேர்த்த கதை. படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். காமிக்ஸ் வேறு வகை. அதில் கட்டங்கள் இருக்கும், பேச்சுக் குமிழ்கள் இருக்கும். படப்புத்தகத்தில் எழுத்து கொஞ்சம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி. மீதிக் கதையைப் படம் சொல்லும். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தால் அது படப்புத்தகம்தான்.

பிள்ளைகளுக்கென்று படங்களோடு அச்சான ஆரம்பகால நூல்களில் பேர்பெற்றது 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட பாடநூல். உலகத்துப் பொருள்களைப் படம் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தது அது. மனசுக்குள் நடப்பதையே படமாக்கிய புத்தகங்கள் பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இன்று உலகெங்கும் வரும் படப்புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம். இதற்குக் காரணம் அச்சகம். பெரிய தாளில் பக்கங்களை வரிசையாக அச்சடித்து, மடித்து, வெட்டிச் சேர்ப்பதால் பக்க எண்ணிக்கை எட்டின் மடங்குகளில் வந்து நிற்கிறது. தமிழில் 16 பக்கம், 24 பக்கப் புத்தகங்களும் நிறைய உண்டு. முகப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக ஒரு 32 பக்கப் புத்தகத்தில் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு பதினான்கு விரிப்புகள். விரிப்பு என்று நான் சொல்வது, புத்தகத்தைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரிகிற இடது, வலது இரண்டு பக்கங்களையும் சேர்த்து. அவ்வளவு குறைந்த இடத்தில் ஒரு சண்டையும் அதன் வலியும் வந்து போக வேண்டும். அதனால் நல்ல ஓவியர் எதையும் வீணாக்க மாட்டார். பக்கத்தைத் திருப்புகிற அந்த ஒரு நொடியைக்கூடப் பயன்படுத்திக்கொள்வார்.

பக்கத்தில் எதையெல்லாம் பார்ப்பது

முகபாவம் எல்லாருக்கும் தெரியும். வாய் கீழ்நோக்கி வளைந்தால் சோகம், புருவம் நெரிந்தால் கோபம். அது ஆரம்பம் மட்டும்தான். உருவம் பக்கத்தில் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று பாருங்கள். பயந்த பிள்ளையைப் பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு வரைந்து, மீதி முழுக்க வெள்ளையாக விட்டிருப்பார்கள். இரண்டு நண்பர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதல் விரிப்பில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள், சண்டைக்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். புத்தகத்தின் நடுமடிப்பே அவர்களுக்கு நடுவில் சுவராகிவிடும். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள், நிறம் எந்தப் பக்கத்திலிருந்து மங்க ஆரம்பிக்கிறது, இதையெல்லாம் எழுத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. எழுதப்படிக்கத் தெரியாத பிள்ளை நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அதன் கண் எழுத்துப் பக்கம் போவதே இல்லை.

இதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'Where the Wild Things Are'. சேட்டை செய்ததற்காகச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன், கோபத்தில் பூதங்கள் வாழும் ஓர் இடத்துக்குக் கற்பனையில் போய் அவற்றுக்கு ராஜாவாகிறான். முதல் பக்கத்தில் படம் சின்னதாக, சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு இருக்கும். அவன் கோபம் வளர வளரப் படமும் வளரும். உச்சத்தில் எழுத்தே இல்லாமல் மூன்று விரிப்புகளை முழுதாக நிறைத்துவிடும். அப்புறம் கோபம் தணிய, படமும் சுருங்கும். வீடு திரும்பினால் சாப்பாடு காத்திருக்கிறது. அது இன்னும் சூடாக இருந்தது என்கிற கடைசி வரிக்குப் படமே கிடையாது. "இனிமேல் சேட்டை செய்யாதே" என்று யாரும் சொல்லவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இவ்வளவு கோபத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று அப்போது பெரியவர்கள் பலர் பயந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் படப்புத்தகங்களுக்கான பெரிய பரிசான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

நம் ஊர் மணலில் நடக்கிற மாதிரி ஒரு புத்தகத்தைக் கற்பனை செய்துபார்ப்போம். ஜெனியும் ஆயிஷாவும் தினமும் கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிறவர்கள். மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து புதிதாக ஒரு பெண் வருகிறாள். ஆயிஷா தன்னிடம் இருப்பதிலேயே நல்ல கிளிஞ்சலை அவளுக்குக் கொடுத்துவிடுகிறாள். அடுத்த விரிப்பில் இடது பக்கம் ஆயிஷாவும் புதுப் பெண்ணும் குனிந்து மணலில் எதையோ தோண்டுகிறார்கள். வலது பக்கம் யாருமே இல்லை, கவிழ்த்துப் போட்ட ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு) மட்டும். எழுத்து இவ்வளவுதான்: "ஜெனிக்கு ஒன்றும் இல்லை. அவள் சும்மாதான் இருக்கிறாள்." உற்றுப் பார்த்தால் வத்தைக்கு அடியில் பத்துக் கால்விரல்கள் தெரியும். விரல்கள் மணலுக்குள் புதைந்து இறுகியிருக்கும்.

"ஒன்றும் இல்லை" என்று எழுத்து சொல்கிறது. விரல்கள் வேறு சொல்கின்றன. படப்புத்தகம் வேலை செய்வது சரியாக இந்த இடத்தில். "ஜெனிக்குப் பொறாமை வந்தது" என்று எழுதியிருந்தால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. அதோடு பொறாமை கெட்ட குணம் என்று ஏற்கெனவே கேட்டுப் பழகிய பிள்ளை, ஜெனி கெட்டவள் என்று முடிவு கட்டிவிடும். விரலைப் பார்க்கிற பிள்ளையோ அவளோடு வத்தைக்குள் போய்விடும்.

அழுகை ஒன்று, காரணம் பல

பெரியவர்கள் பிள்ளையின் உணர்வை இரண்டே வகையாகப் பிரித்துவைத்திருக்கிறோம். சிரித்தால் சமத்து. அழுதால், முறைத்தால் அடம். நம் மரபு இவ்வளவு கஞ்சத்தனமானது இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. அதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் காரணமும் தருகிறது. அழுகைக்கு அது சொல்வது இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது, பிறர் இழிவுபடுத்துவது, இருந்ததை இழப்பது, முன்பிருந்த நிலை குலைவது, இல்லாமை.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு நம் கரையில் உள்ள ஒரு பிள்ளையைப் பாருங்கள். மற்றவர்கள் "கருவாட்டு நாத்தம்" என்று மூக்கைப் பொத்தினால் அழுகிறதே, அது இளிவு. கூடவே திரிந்த நாய்க்குட்டி செத்துப்போனால் இழவு. பக்கத்து வீட்டுத் தோழியின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டால் நிலை குலைகிறது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அப்பா வீட்டில் இருக்கிற சந்தோஷத்தோடு கூடவே "இப்ப காசில்ல, அப்புறம் வாங்கலாம்" என்பதையும் கேட்கிறதே, அது வறுமை. நான்குக்கும் நாம் சொல்கிற பதில் ஒன்றுதான், "அழாதே." நட்பிலும் உணர்விலும் தேர்ந்த படப்புத்தகம் இந்த நான்கையும் தனித்தனியாக எடுத்துப் பேசும்.

உணர்வுக்குப் பேர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2007இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் என்கிற ஆய்வாளரின் குழு, முகங்களின் படங்களைக் காட்டி மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்தது. முகத்தில் தெரியும் உணர்வை வார்த்தையால் குறிப்பிட்டபோது, அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்திருந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் வார்த்தை கிடைத்த பிள்ளை அடிப்பதும் கடிப்பதும் குறைவதைப் பிள்ளைகளோடு பழகும் யாரும் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கடற்கரைக்கென்றே சில பயங்கள் உண்டு. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை சேர்வார்கள். அந்த ராத்திரியில் பிள்ளை புரண்டு புரண்டு படுக்கும். படகைப் பிடித்துவிட்டார்கள் என்று டிவியில் செய்தி ஓடும்போது பெரியவர்கள் சத்தத்தைக் குறைப்பார்கள், பிள்ளையின் காது இன்னும் கூர்மையாகும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அடித்துப்போன புயலைப் பற்றிப் பாட்டி சொன்னால் பகலில் ஆசையாகக் கேட்டுவிட்டு, வாடைக்காற்று ஓலையை உலுக்குகிற ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இல்லை என்பது நான்கு வயதுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இவற்றைப் பற்றிய படப்புத்தகங்கள் தமிழில் மிகக் குறைவு என்பதுதான் என் ஆதங்கம். கடைக்குப் போனால் பனிமலையில் கரடி வரும், மாடிக் குடியிருப்பில் பூனை வரும். அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் பிள்ளைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். தன்னையும் அதில் பார்க்க வேண்டும், பிறரையும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஜன்னல்கள் கிடைத்துவிடுகின்றன. கண்ணாடிதான் கிடைப்பதில்லை. ஆனால் கரடிக் கதையை ஒதுக்கவும் வேண்டாம். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை கரடியைப் பற்றித் தாராளமாகப் பேசும். "கரடிக்கு அது அப்பா ஞாபகம்" என்று சொல்லும்போது அது யாருடைய அப்பா என்று நமக்குப் புரிந்தால் சரி.

எப்படி வாசிப்பது

சண்டை நடந்துகொண்டிருக்கும்போது புத்தகத்தை எடுக்காதீர்கள். கத்தி அழுகிற பிள்ளைக்கு அப்போது மடிதான் வேண்டும், கதை வேண்டாம். எல்லாம் அடங்கி, சாப்பிட்டு முடித்து, திண்ணையில் சாய்ந்திருக்கிற நேரம்தான் சரியான நேரம். இன்னும் நல்லது, சண்டை எதுவுமே இல்லாத நாளில் வாசித்து வைப்பது. வார்த்தைகள் முன்பே சேர்ந்திருந்தால் வேண்டும்போது வரும்.

முதலில் அட்டையைக் காட்டுங்கள். அவசரப்படாமல் பிள்ளை பார்க்கட்டும். ஒரு முறை நிறுத்தாமல் கடைசி வரை வாசியுங்கள். "இன்னொரு தடவை" என்று கேட்டால் (கேட்கும்) இரண்டாம் முறை அங்கங்கே நில்லுங்கள். பெரும்பாலும் பிள்ளை ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஏன் அந்தப் பக்கம் என்று விசாரிக்காமல் அங்கேயே கூட இருங்கள்.

கேள்வி கேட்பது தப்பில்லை, எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் வேலை செய்தவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைக் குறைத்து விரிந்த கேள்வி கேட்பது, பிள்ளை சொன்னதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வது, மெல்ல மெல்லப் பிள்ளையையே கதைசொல்லி ஆக்குவது, இவ்வளவுதான் பயிற்சி. ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். உரையாடல் வாசிப்பு என்று இதைச் சொல்கிறார்கள்.

நம் ஜெனிப் புத்தகத்தின் அந்த வத்தைப் பக்கத்தில் பேச்சு இப்படிப் போகலாம்.

"ஜெனி எங்க, அக்கா?"

"எங்க இருப்பான்னு நினைக்கிற?"

"அந்தா, வத்தைக்கு அடில. வெரல் தெரியுது."

"ஆமா, தெரியுது. அங்க என்ன பண்றா?"

"சும்மா இருக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு யாரோடயும் பேசப் புடிக்கல."

"ம்."

அந்த "ம்" போதும். இங்கே வாய் துறுதுறுக்கும், "நீகூட நேத்து மும்தாஜோட அப்படித்தானே இருந்த?" என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிட்டால் பிள்ளை புத்தகத்திலிருந்து வெளியே வந்துவிடும், தன் மேல் விசாரணை நடக்கிறது என்று அதற்குத் தெரிந்துபோகும். தானாகவே "நானும் ஒருநாள்..." என்று ஆரம்பித்தால் கேளுங்கள். ஆரம்பிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள்.

நாம் எல்லாருமே பள்ளியில் "இக்கதையின் நீதி யாது?" என்று கேட்கப்பட்டு வளர்ந்தவர்கள். உணர்வைப் பேசும் புத்தகத்தில் இந்தக் கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "பகிர்ந்து விளையாட வேண்டும், டீச்சர்" என்று பிள்ளை உடனே சரியான பதிலைச் சொல்லிவிடும். அதைச் சொன்ன வாயோடு போய்ப் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கும். வத்தைக்கு அடியில் இருந்தவளை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

நட்பைப் பற்றிய புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே கவனிக்கலாம். எவ்வளவு சீக்கிரம் பழம் விடுகிறார்கள் என்று பாருங்கள். பத்தாம் பக்கத்தில் சண்டை, பதினோராம் பக்கத்தில் கட்டிப்பிடித்துச் சிரிப்பு என்றால் அந்தப் புத்தகம் பெரியவர்களின் அவசரத்துக்காக எழுதப்பட்டது. நல்ல புத்தகம் இடையில் சில பக்கங்கள் தவிக்க விடும். இரண்டு பேர் சண்டையைவிட மூன்று பேர் விளையாட்டில் ஒருவர் விடுபடுவதைப் பேசும் கதைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்த வலியை யாரிடமும் புகாராகச் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் தப்புச் செய்யவில்லை. திரும்பிச் சேராத நட்பைக் காட்டும் கதைகளும் வேண்டும். திருப்பூருக்குப் போன தோழி திரும்பி வராமலே போகலாம்.

கோபத்தின் அளவைச் சொல்ல நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது இங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ, எண் ஏற ஏற ஆபத்து. கதையில் கோபம் வரும் இடத்தில் "இவனுக்கு இப்ப எத்தனாம் நம்பர் கூண்டு?" என்று கேட்டுப் பாருங்கள். "மூணு" என்று ஒரு பிள்ளை சொல்லும், "இல்ல, பத்து" என்று இன்னொன்று மறுக்கும். ஏன் என்று இரண்டும் படத்தைக் காட்டி வாதாடும். கொஞ்ச நாளில் வீட்டிலும் "எனக்கு அஞ்சாம் நம்பர் ஏத்தியாச்சு, கிட்ட வராத" என்று அம்மாவுக்கு எச்சரிக்கை வரும். தூக்கி எறிவதற்கு முன்னால் சொல்லத் தெரிந்ததே பெரிய விஷயம்.

புத்தகத்தால் ஆகாதது

அப்பா கடலில் காணாமல் போன பிள்ளைக்கு, வீட்டில் அடி வாங்குகிற பிள்ளைக்கு, யாரோ தொடக் கூடாத இடத்தில் தொட்ட பிள்ளைக்குப் படப்புத்தகம் மருந்து இல்லை. வாசிக்கும்போது பிள்ளை திடீரென அப்படி எதையாவது சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள், நம்புங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்நேரமும் அழைக்கலாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் இருந்தாலோ, பேச்சை நிறுத்திவிட்டாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண் 14416, தமிழில் பேசலாம்.

எங்கே கிடைக்கும்

சென்னையில் 1996இல் தொடங்கிய துலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகங்கள் போடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் விலை குறைந்த புத்தகங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் கிடைக்கும். அரசுப் பள்ளிகளுக்கு 2023இல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்தவை. உங்கள் ஊர்ப் பள்ளி அலமாரியில் அவை பூட்டிக் கிடந்தால் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இலவசமாக இருக்கின்றன. தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் தடை இல்லை. மதுரைக்குப் போகிற வேலை இருந்தால் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பிள்ளையோடு அரை நாள் உட்காரலாம். போனில் பார்ப்பதைவிடக் காகிதத்தில் பார்ப்பது நல்லது. போனில் விரிப்பு பாதியாக வெட்டுப்படும், நடுமடிப்பு காணாமல் போகும்.

நம் கரையைப் பற்றிய புத்தகம் கடையில் இல்லை என்றால் பிள்ளைகளே செய்யட்டும். ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கில் இரண்டு முறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். குறுக்கில் பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலே அடுத்த மடிப்பு வரை மட்டும் கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் நீளமான கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் கீறல் விரிந்து, தாள் நான்கு இதழாகச் சேரும். அதைச் சுற்றி மடித்தால் அட்டையோடு எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசையும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

"உன் கோபத்தைப் பற்றி வரை" என்று சொல்லாதீர்கள். "காய் விட்ட ரெண்டு நண்டு" என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் போதும். படம் முடிந்ததும் பிள்ளை சொல்கிற வரியை அதன் பேச்சிலேயே கீழே எழுதிக்கொடுங்கள். நண்டுக்கு நாலு கால்தான் வரைந்திருந்தாலும், கடைசிப் பக்கத்தில் இரண்டு நண்டும் பழம் விடாமலே இருந்தாலும் திருத்த வேண்டாம். அட்டையில் எழுதியவர், வரைந்தவர் என்று பிள்ளையின் பெயரைப் போட்டு, மற்றப் புத்தகங்களோடு அதே அலமாரியில் வையுங்கள். அடுத்த வாரம் வாசிக்கிற வரிசையில் அதுவும் வரட்டும்.